நூறு கிலோ கல்லும் ஒரு துருப்பிடித்த பட்டையும்

கடந்த ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல மழை. எதிர்வீட்டார் திரைச்சீலையை விலக்கிப் பார்த்திருந்தால், குடையைப் பிடித்துக்கொண்டு தன் வீட்டு ஜன்னலுக்கு அடியில் இருபது நிமிடம் குனிந்து நிற்கும் ஒருவனைக் கண்டிருப்பார்கள். ஜன்னலுக்கு அடியில் படுத்திருக்கும் ‘சில்’ கல்லின் அடிப்பக்கம், நீளவாக்கில் வெட்டிய சிறு பள்ளமான காடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மழைநீர் கல்லின் சரிவில் இறங்கியது, முன்விளிம்பில் உருண்டது, அடிப்பக்கமாகச் சுவரை நோக்கி ஓர் அங்குலம் நகர்ந்தது, காடியைத் தாண்ட முடியாமல் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. சுவர் காய்ந்தபடியே இருந்தது. பிளந்த பழைய சில்லை மாற்ற ஏப்ரலில் தொடங்கிய வேலை முடிந்துவிட்டது என்று அப்போதுதான் எனக்கே நம்பிக்கை வந்தது.

நான் இருப்பது இங்கிலாந்தில், மேற்கு யார்க்‌ஷர் பகுதியில், ஷிப்லிக்குப் பக்கம். வீடு 1890களில் கட்டப்பட்டது. இரண்டு பக்கமும் வீடுகள் ஒட்டி நிற்கும் வரிசை வீடு. சுவர் முழுக்க உள்ளூர் மணற்கல், இரண்டு பக்கமும் கல் வரிசை, நடுவில் சில்லுக்கல் நிரப்பு, பிணைப்புக்குச் சுண்ணாம்புச் சாந்து. இந்தப் பக்கத்து ஆலைகளும் வீட்டு அடுப்புகளும் அரை நூற்றாண்டுக்கு மேல் கக்கிய நிலக்கரிப் புகையில் கல் கறுத்துப்போயிருக்கிறது. நம் ஊர்க் கட்டட வேலையில் ‘சில் மட்டம்’, ‘லிண்டல் மட்டம்’ என்று சொல்வோமே, அந்தச் சில்தான் இது. ஜன்னல் சட்டத்துக்கு அடியில், வெளிப்பக்கம் கொஞ்சம் துருத்திக்கொண்டு படுத்திருக்கும் ஒற்றைக் கல்.

கீழ்த்தளக் கூடத்து ஜன்னலின் சில் நடுவில் பிளந்திருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்த விரிசலைப் பார்த்து, யோசிக்காமல் ஒரு பை சிமென்ட் கலவை வாங்கி அடைத்தேன். மேலே வெளிச்சுவருக்கான வெள்ளைப் பெயின்ட் இரண்டு பூச்சு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரண்டாவது குளிர்காலத்தில் பெயின்ட் கொப்புளம் விட்டது. மூன்றாவதில் சிமென்ட் ஒட்டு, தான் ஒட்டியிருந்த கல்லையும் பெயர்த்துக்கொண்டு கையோடு வந்தது. விரிசல் வழியாகப் புகுந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் பெயின்டுக்கும் சிமென்டுக்கும் அடியிலேயே தேங்கி, உறைந்து, கல்லை உள்ளிருந்து பொடித்திருக்கிறது. நான் செய்யாமலே விட்டிருந்தால் இன்னும் பத்து ஆண்டு தாங்கியிருக்கலாம். கூடத்தின் உட்சுவரில், ஜன்னலுக்குக் கீழே, ஒரு முழ அகலத்துக்கு ஈரத்தடம் வந்த பிறகு வேறு வழி இல்லை.

ஒரு கல்வேலை நிறுவனம் 940 பவுண்டு கேட்டது. நியாயமான விலைதான். ஆனால் அவர்களுக்குச் செப்டம்பருக்குள் நாள் இல்லை. செப்டம்பருக்குப் பிறகு இந்த ஊரில் சுண்ணாம்பு வேலை சூதாட்டம். ஐந்து டிகிரிக்குக் கீழே போனால் சாந்து இறுகாது, உறைந்தால் பொடியாகிவிடும். சரி, நாமே செய்வோம் என்று இறங்கினேன். மேல்மாடி ஜன்னலாக இருந்திருந்தால் அந்தத் துணிச்சல் வந்திருக்காது. இது நடைபாதையிலிருந்து 820 மி.மீ. உயரம், நின்றபடியே வேலை செய்யலாம்.

எங்கள் தெரு பாதுகாக்கப்பட்ட வட்டாரத்துக்குள் வருவதால் முதலில் உள்ளாட்சி அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். அதே வகைக் கல், அதே அளவு, அதே வடிவம் என்றால் தடையில்லை என்று பதில் வந்தது. உங்கள் வீடு மரபுக் கட்டடப் பட்டியலில் இருந்தால் கேட்காமல் ஒரு கல்லிலும் கை வைக்காதீர்கள்.

அளவெடுப்பு. இங்கேதான் முதல் சறுக்கல். ஜன்னல் திறப்பின் அகலம் 1070 மி.மீ. கல்லும் அவ்வளவுதான், இரண்டு பக்கச் சுவருக்கும் நடுவில் செருகியிருக்கிறது என்று நினைத்தேன். ஒரு சந்தேகத்தில் இடப்பக்க மூலையில் பழைய சாந்தை ஆணியால் சுரண்டினேன். கல் சுவருக்குள் போய்க்கொண்டே இருந்தது. குடைக் கம்பியை நிமிர்த்தி உள்ளே விட்டு அளந்தால் இரண்டு பக்கமும் 100 மி.மீ. சுவருக்குள். ஆக மொத்த நீளம் 1270, உயரம் 150, சட்டத்துக்கு அடியில் மறைந்திருக்கும் பகுதியையும் சேர்த்து ஆழம் 230. மணற்கல் கன மீட்டருக்கு ஏறத்தாழ 2,350 கிலோ என்று வைத்துப் பெருக்கினால் 103 கிலோ. சரிவு வெட்டியது போக நூறு. தூக்குவது யார் என்ற கேள்வியை அப்போதைக்குத் தள்ளிவைத்தேன்.

ஒரு தாளில் படம் போட்டு, ஹடர்ஸ்ஃபீல்டுப் பக்கம் கல் அறுக்கும் பட்டறை ஒன்றுக்கு எடுத்துப்போனேன். அங்கிருந்த பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படத்தைப் பார்த்தார். “சரிவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போட்டிருக்கிறீர்களே, சுவர் எதன்மேல் உட்காரும்?” என்று கேட்டார். எனக்கு உறைக்க ஒரு நிமிடம் ஆனது. சுவருக்குள் போகும் இரண்டு முனைகளும் மேலே தட்டையாக, ஒரு சிறு மணை போல இருக்க வேண்டும். நடுப்பகுதி மட்டும்தான் சரிய வேண்டும். சரிவின்மேல் சுவர்க் கல்லை வைத்தால் அது எப்போதும் வெளியே வழுக்கத்தான் பார்க்கும். படத்தை அவரே திருத்தினார்: இரண்டு முனையிலும் 100 மி.மீ. மணை, வெளியே தெரியும் 130 மி.மீ. பகுதியில் 18 மி.மீ. சரிவு, அடியில் முன்விளிம்பிலிருந்து 25 மி.மீ. தள்ளி 12 அகலம் 8 ஆழத்தில் சொட்டுக் காடி, மேலே பின்பக்கம், மழை உள்ளே புகாமல் தடுக்கும் உலோகப் பட்டைக்கு ஒரு காடி. கல்லின் அடுக்கு எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்பதையும் பென்சிலால் குறித்தார். மணற்கல் படிவுப் பாறை. அடுக்கு முகத்துக்கு இணையாக நின்றுவிட்டால் சில ஆண்டுகளில் அப்பளம் போல உரிந்து விழும்.

கிளம்பும்போது ஒரு வார்த்தை சொன்னார். “இரண்டு முனைக்கும் அடியில் மட்டும் சாந்து வையுங்கள். நடுவில் வெற்றிடம் விடுங்கள். நடுவிலும் வைத்தால், சுவர் ஒரு நூல் அசைந்தாலும் கல் முதுகு ஒடிந்துவிடும்.” ‘நூல்’ என் மொழிபெயர்ப்பு, அவர் சொன்னது எட்டில் ஓர் அங்குலம். என் பழைய கல் சரியாக நடுவில்தான் ஒடிந்திருந்தது.

கல் வர மூன்று வாரம் ஆனது. விலை 235 பவுண்டு, வரியோடு 282, வண்டிக் கூலி 40.

இதற்கிடையில் புதுக்கோட்டைப் பக்கம் இருக்கும் என் தாய்மாமாவிடம் பேசினேன். நாற்பது ஆண்டு கொத்தனார் வேலை பார்த்தவர். கைப்பேசியில் சுவரைக் காட்டினேன். “என்ன மாப்பிள்ளை, மணலைப் பிசைந்து அடுக்கிவைத்தது போல இருக்கிறது, இதையெல்லாம் கல் என்கிறார்களா?” என்றார். கருங்கல் நாட்டுக்காரர், அப்படித்தான் பேசுவார். சுண்ணாம்பு என்றதும் குரல் மாறியது. கடுக்காயும் பனைவெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பைக் குழைத்த காலத்தைச் சொல்ல ஆரம்பித்தார். இங்கே அதெல்லாம் இல்லை, பையில் வரும் நீரில் இறுகும் சுண்ணாம்புதான், 3.5 என்று தரம் போட்டிருக்கிறது என்றேன். 28 நாளில் அது தாங்க வேண்டிய குறைந்தபட்ச அழுத்தத்தைக் குறிக்கும் எண் அது. “எண் என்னவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். காயவிடாதே. சுண்ணாம்பு காய்ந்தால் செத்தது, ஈரத்தில்தான் அது உயிர்பிடிக்கும்” என்றார். அந்தப் பேச்சை நான் எவ்வளவு மதித்தேன் என்பது பின்னால் வருகிறது.

ஜூன் நடுவில் ஒரு சனிக்கிழமை, பழைய கல்லை எடுத்தேன்.

மணற்கல் தூசு விளையாட்டல்ல. பெரும்பகுதி சிலிக்கா, நுரையீரலில் போனால் திரும்பி வராது. எஃப்எஃப்பி3 தர முகக்கவசம் வாங்கினேன். முகத்தில் ஒட்டி உட்கார்ந்தால்தான் அது வேலை செய்யும், தாடி இருந்தால் ஓரத்தில் கசியும் என்று அட்டையில் போட்டிருந்தது. எட்டு ஆண்டுத் தாடியை எடுத்தேன். நான்கு வயது மகள் அன்று மாலை வரை என் மடியில் உட்காரவில்லை.

பெரிய கிரைண்டரால் முழுக்க அறுத்துவிடலாம் என்பது முதல் யோசனை. கணக்குப் பார்த்தால் 230 மி.மீ. வட்டு அறுக்கும் ஆழமே ஏறத்தாழ 65தான். கல் 150. அந்தத் தூசில் தெருவே மூழ்கும். அப்போதுதான் ஊரில் சிறுவயதில் பார்த்த கல்குவாரி நினைவுக்கு வந்தது. வரிசையாகத் துளை போட்டு, இரும்பு ஆப்புகளை இறக்கி, ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வருவார்கள். ஒரு கட்டத்தில் யானை அளவுப் பாறை பெருமூச்சு விட்டது போல இரண்டாகும். அதே கருவி இங்கே கடையில் விற்கிறது. இரண்டு வளைந்த தகடுகள், நடுவில் ஓர் ஆப்பு. ஆறு ஜோடி 32 பவுண்டு.

சட்டத்துக்கு உள்பக்கம் நான்கு அங்குலத்துக்கு இரண்டு அங்குலக் கட்டைகள் இரண்டைக் குறுக்கே திருகி, ஜன்னல் கீழே இறங்காமல் கட்டினேன். பக்கச் சுவரிலிருந்து 150 மி.மீ. தள்ளி, இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோடு. கிரைண்டரில் தூசு உறிஞ்சியை மாட்டி 20 மி.மீ. ஆழத்துக்கு மட்டும் கீறினேன். ஒவ்வொரு கோட்டிலும் மேலிருந்து இரண்டு துளை, முன்முகத்தில் ஒன்று. டிரில் கல்லுக்குள் வெண்ணெயில் போவது போலப் போனது. பிறகு ஆப்புகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு தட்டு, அடுத்ததற்கு நகர், மறுபடியும் முதலிலிருந்து. சத்தம் ‘டொக்’கிலிருந்து ‘டிங்’காக ஏறிக்கொண்டே போகும். இடப்பக்கம் ஐந்தாவது சுற்றில் கோட்டின் வழியே சுத்தமாகப் பிளந்தது. தச்சர் இழைத்தது போல. வலப்பக்கம் அப்படி இல்லை. பழைய விரிசலின் கிளை ஒன்று அங்கே இருந்திருக்கிறது. பிளவு கோட்டை விட்டு விலகிச் சுவர்ப்பக்கம் ஓடியது.

நடுத்துண்டுகளை வெளியே இழுத்தபோதுதான் உண்மையான குற்றவாளி அகப்பட்டது. கல்லின் மேல், மரச் சட்டத்துக்கு அடியில், நீளவாக்கில் ஓர் இரும்புப் பட்டை. காற்றோடு அடிக்கும் மழை சட்டத்துக்கு அடியில் புகாமல் இருக்கக் கட்டியவர்கள் வைத்த தடுப்பு. நல்ல ஏற்பாடுதான், இரும்பாக இல்லாமல் இருந்திருந்தால். துரு ஏறிய இரும்பு பல மடங்கு பருக்கும். நான்கு மி.மீ. பட்டை சில இடங்களில் கட்டைவிரல் தடிமனுக்குப் பக்கோடா போல உப்பியிருந்தது. அது விரியும் வேகத்தில் கல்லின் பின்முதுகைப் பெயர்த்துத் தள்ளியிருக்கிறது. நடுவிரிசலுக்கு அடிச்சாந்து காரணம், பின்பக்கப் பிளவுக்கு இந்தப் பட்டை காரணம், முகப்புப் பொடிந்ததற்கு நான் காரணம். கல்மேல் ஒரு குற்றமும் இல்லை.

மரச் சட்டத்தின் அடிக்கட்டையிலும் வலது மூலையில் ஒரு சாண் நீளம் இற்றுப்போயிருந்தது. அதை வெட்டி வேறு மரம் ஒட்டியதில் அரை நாள் போனது.

அடுத்து, சுவருக்குள் இருந்த முனைகள். இடப்பக்கத் துண்டை உளியால் கொத்தி எடுத்தேன். மேலே இருந்த கல் நீளமானது, சுவருக்குள் ஆழமாகப் போய்ப் பிடித்திருந்ததால் அசையவில்லை. வலப்பக்கத் துண்டை எடுத்ததும் மேலிருந்த சிறு கல், சுமார் 12 கிலோ இருக்கும், என் முழங்கைமேல் இறங்கியது. பெரிய அடி இல்லை. ஆனால் அதற்கு மேலே இன்னொரு கல், அதற்கு மேலே ஜன்னலின் தலைக்கல்லான லிண்டல் என்று நினைத்தபோது கால் நடுங்கியது. டார்ச் அடித்துப் பார்த்தேன். அடுத்த கல் நீளக் கல், நன்றாகவே உட்கார்ந்திருந்தது. இருந்தாலும் ஓர் ஆப்பை அடித்து இறுக்கிவிட்டுத்தான் தேநீர் குடிக்கப் போனேன். இத்தனைக்கும் வாடகைக்கு எடுத்த இரண்டு இரும்பு முட்டுகள் கொல்லையில் கிடந்தன. வாரத்துக்கு 30 பவுண்டு. இந்த இடுக்கில் அவை நுழையவே நுழையாது என்பதை எடுப்பதற்கு முன் யோசித்திருக்கலாம். கற்களைக் கழற்றும் முன்பே மேலே எது குட்டை, எது நெட்டை என்று பார்த்திருந்தால் அந்தச் சிறு கல்லை நானே மரியாதையாக இறக்கிவைத்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை தூக்கும் நாள். லீட்ஸில் வேலை பார்க்கும் தஞ்சாவூர் நண்பர் ஒருவரும் பக்கத்து வீட்டுக்காரரும் வந்தார்கள். மூன்று பேர் நூறு கிலோவை இடுப்பு உயரத்துக்குத் தூக்கலாம்தான். ஆனால் தூக்கிக்கொண்டு ஒரு குழிக்குள் மில்லிமீட்டர் சுத்தமாகச் செருக முடியாது. அதனால் ரயில் படுக்கைக்கட்டைத் துண்டுகளை வைத்துப் படி கட்டினோம். கல்லின் ஒரு முனையை ஐம்பது கிலோ பாரத்தில் உயர்த்து, அடியில் கட்டை வை. மறுமுனையை உயர்த்து, கட்டை வை. ஒவ்வொரு சுற்றுக்கும் 100 மி.மீ. எட்டுச் சுற்றில் ஜன்னல் உயரம். அரை மணி நேரம், யாருக்கும் இடுப்பு வலி இல்லை. மேலே பலகை, பலகைமேல் மூன்று குழாய்த் துண்டுகள், அவற்றின்மேல் கல். ஒரு விரலால் தள்ளினால் நகர்ந்தது. இந்த வேலையில் நான் பெருமைப்படும் ஒரே பகுதி இது.

பெருமை பத்து நிமிடம்கூட நீடிக்கவில்லை. இரும்புக்குப் பதில் பித்தளைப் பட்டை வாங்கியிருந்தேன். 25 மி.மீ. அகலம், அதில் 13 கல்லின் காடிக்குள், மீதி 12 மேலே நிமிர்ந்து நிற்கும். முந்தைய இரவே அழகாக ஒட்டி வைத்துவிட்டேன். இரண்டு முனைக் குழிகளிலும் சாந்தைப் பரப்பி, கல்லை உருட்டி உள்ளே தள்ளினோம். பாதி போனதும் ‘டங்’. நிமிர்ந்து நிற்கும் பித்தளை, மரச் சட்டத்தின் முன்விளிம்பில் இடித்துக்கொண்டு நின்றது. பட்டை மரத்தின் அடியில் உள்ள காடிக்குள் கீழிருந்து மேலே ஏற வேண்டியது. கிடையாகப் போய் எப்படி நுழையும்? சாந்து வேறு பின்பக்கம் குவிந்துகொண்டது. தஞ்சாவூர் நண்பர் நிதானமாக, “இதைக் கல் வாங்கும் முன்பே யோசித்திருக்க வேண்டாமா?” என்றார். வெளியே இழுத்து, சாந்தை வழித்தெறிந்து, படிக்கட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

அடியில் உள்ள கல் மட்டத்துக்கும் மரத்தின் அடிக்கும் இடைவெளி 168. கல் 150. மீதி 18. கீழே 12, மேலே 6 என்று பிரிக்கத் திட்டம். சாந்தே இல்லாமல், 2 மி.மீ. இரும்புத் தகடுகள்மேல் கல்லை வறண்டபடியே சறுக்கினால், மேலே 16 மி.மீ. கிடைக்கும். 12 மி.மீ. பித்தளை தாராளமாகப் புகும். உள்ளே போன பிறகு கல்லை 10 மி.மீ. உயர்த்தினால் பட்டை தானாக மரத்தின் காடிக்குள் 6 மி.மீ. ஏறிக்கொள்ளும். அப்படியே செய்தோம். கடப்பாரையால் ஒரு முனையை நெம்பி, அடியில் 12 மி.மீ. தடிமனுக்கு ஸ்லேட் சில்லுகளை அடுக்கி இறக்கினோம். மறுமுனையும் அதேபோல. ரசமட்டம் வைத்தால் நீளவாக்கில் குமிழ் நடுவில். பக்கத்து வீட்டுக்காரர் கை தட்டினார். பிளாஸ்டிக் துண்டு வைக்கலாமே என்று கேட்டார். ஸ்லேட் நசுங்காது, இந்த ஊர்க் கூரையிலிருந்து விழுந்த துண்டு காசும் கேட்காது.

சாந்து: தயிர் டப்பாவால் அளந்து சுண்ணாம்பு ஒன்று, முரட்டு மணல் இரண்டரை. கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் ஒழுகக் கூடாது. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொட வேண்டாம், கண்ணில் பட்டால் ஆபத்து. முனைகளின் அடியிலும் பின்னாலும் மெல்லிய கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகத் திணித்து, கட்டைத் துண்டால் இடித்து இறுக்கினேன். விழுந்த சிறு கல்லைத் திரும்ப ஏற்றி, மேலேயும் பக்கத்திலும் ஸ்லேட் ஆப்பு அடித்துச் சாந்து நிரப்பினேன். சுவர்க் கற்களை முதலிலேயே நன்றாக நனைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சாந்தின் தண்ணீரைக் கல் உறிஞ்சிவிடும். நடுவில் 12 மி.மீ. இடைவெளியை அப்படியே திறந்துவிட்டேன். மூன்று வாரம் தெருவில் போவோர் அதைக் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

மூன்று வாரம் கழித்து அந்த நடு இடுக்கை முகப்பில் மட்டும், 20 மி.மீ. ஆழத்துக்கு, சாந்தால் மூடினேன். அன்று வெயிலும் காற்றும். ஒரு மணி நேர வேலைதானே என்று சாக்கு நனைத்துப் போடவில்லை. மறுநாள் சாந்து வெள்ளை வெளேர் என்று இருந்தது. நகத்தால் கீறினேன், கோலப்பொடி போல உதிர்ந்தது. மாமாவிடம் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு, மாலை நிழலில் மறுபடியும் வைத்து, ஈரச் சாக்கை மேலே தொங்கவிட்டு, ஐந்து நாள் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன். இப்போது நகம்தான் தேய்கிறது. மரத்துக்கும் கல்லுக்கும் நடுவில் உள்ள 6 மி.மீ. இடுக்குக்கு மணலும் ஆளிவிதை எண்ணெயும் சேர்ந்த பழைய முறை மக்கு. சிலிக்கோன் பசைக் குழாய் கையிருப்பில் இருந்தது. சிமென்ட் பையும் ஒரு காலத்தில் கையிருப்பில்தான் இருந்தது.

செலவுக் கணக்கு: கல்லும் வண்டியும் 322, சுண்ணாம்பு 18, மணல் 8, வைர வட்டு 26, பித்தளை 22, ஆப்புகள் 32, முகக்கவசம் 14, மக்கு 24, பயன்படாத முட்டு வாடகை 30, சாக்கு 6. மொத்தம் 502 பவுண்டு. நண்பர்களுக்குப் போட்ட கோழி பிரியாணி கணக்கில் சேராது. என் உழைப்பு ஐந்து முழு நாள், பிறகு தினமும் தண்ணீர் தெளித்த பொழுதுகள். சுண்ணாம்புப் பையில் மூன்றில் ஒரு பங்குதான் தீர்ந்தது. மீதி ஈரம் இழுத்துக் கட்டியாகிக்கொண்டிருக்கிறது. அடுத்த முறை கலந்தே வரும் சிறு வாளி வாங்குவேன். பித்தளைப் பட்டையை எந்த வரிசையில் உள்ளே கொண்டுபோவது என்பதைக் கல் வாங்கும் முன்பே ஓர் அட்டைப்பெட்டித் துண்டை வைத்து ஒத்திகை பார்ப்பேன். முட்டு எடுக்க மாட்டேன். தாடியை முந்தைய வாரமே எடுத்து மகளைப் பழக்கிவிடுவேன்.

புதுக் கல் தேன் நிறத்தில் இருக்கிறது. கறுத்த சுவரில் தங்கப்பல் கட்டியது போல. தயிர் பூசு, தேயிலைத் தண்ணீர் ஊற்று, பாசி பிடித்துக் கறுக்கும் என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். ஒன்றும் செய்யப் போவதில்லை. 1956இல் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்த பிறகு இந்த ஊர்க் காற்றில் பழைய கரி இல்லை. அந்தக் கறுப்பு இனி என் ஆயுளுக்குள் வராது.

மழையில் நின்று சொட்டு எண்ணி முடித்தபின் குடையைச் சாய்த்து மேலே பார்த்தேன். மாடி ஜன்னலின் சில், அதே வயதுக் கல். மரச் சட்டத்துக்கு அடியில், நீளவாக்கில், மெல்லிய செம்பழுப்புக் கோடு ஒன்று வழிந்திருந்தது. சாரத்துக்கு எவ்வளவு ஆகும் என்று நேற்று ஒருவரிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.